கருவாயன் காவல் காத்த புல்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. கால்நடை மருத்துவமனை வரிசையில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் சொன்னாராம். கேட்டு வந்த என் அக்கா எனக்குச் சொன்னாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

காட்டோரத்தில் சுருளி என்ற செம்மறி ஆடும் கருவாயன் என்ற நாயும் இருந்தன. குட்டிப் பருவத்திலேயே சிநேகம். மழை பெய்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும்.

ஓடைக்கரையில் ஓரிடத்தில் அறுகம்புல் அடர்ந்து வளர்ந்தது. அதைக் கருவாயன் சுருளிக்கென்றே காத்தது. நாய்களின் வழக்கப்படி அங்கேயே மலமும் சிறுநீரும் கழித்து எல்லை போட்டது.

"இது உன் புல்! என் வாடை இருக்கும்வரை ஒரு முயல்கூட வாய் வைக்காது!"

"நீ இருக்க எனக்கென்ன குறை, கருவாயா!"

வருடங்கள் ஓடின. சுருளிக்கு இருமல் வந்தது. குன்றில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கோடையில் ஓடை வற்றிவிடும். மந்தை குன்றைத் தாண்டிப் போய்விடும். தாண்ட முடியாத ஆடு நரிக்கு இரை.

"அப்போதெல்லாம் உச்சிக்கு நான்தான் முதலில் போவேன், ஞாபகம் இருக்கா?" என்றது சுருளி.

"போடி! நான் விட்டுக்கொடுத்தேன்!"

சிரிக்கப் போன சுருளிக்கு மூச்சு திணறியது.

நரி மோப்பம் பிடித்து வந்தது. "தங்கச்சி, உன் நெஞ்சுக்குள் ஒரு நீர்ப்பை இருக்கிறது! ஒரே கடியில் உடைத்துவிடுகிறேன். கூலிகூட வேண்டாம்!"

"நெஞ்சையே தின்ற பிறகு கூலி எதற்கு? ஓடு!" என்று உறுமிய கருவாயன், சுருளியை வைத்தியம் தெரிந்த நாரையிடம் அழைத்துப் போனது.

நாரை விலாவில் காது வைத்துக் கேட்டது. "நரி சொன்னதில் பாதி உண்மை. நுரையீரலில் நீர்ப்பைதான். ஆனால் உடைக்கவே கூடாது! உள்ளே இருக்கும் புழுக்குஞ்சுகள் சிந்தினால் போன இடமெல்லாம் புதுப் பை முளைக்கும். அந்த நீர் பட்டே உயிர் போகலாம்."

"வேறு வழி, நாரையக்கா?"

"முழுதாக எடுக்கணும்."

சுருளி மயக்க இலையைத் தின்று படுத்தது. நாரை அலகால் விலாவைக் கீறி, மெல்ல மெல்லப் பையை வெளியே எடுத்தது. இளநீர் வழுக்கைபோல வெள்ளையாக, ஒரு துளியும் சிந்தாமல் வந்தது. தையல்சிட்டு காயத்தைத் தைத்தது.

இலைமேல் கிடந்த பையைக் கண்டதும் கருவாயன் வாயில் எச்சில் ஊறியது.

"அட, இது எனக்குத் தெரியுமே! செத்த ஆடுகளின் ஈரலில், நுரையீரலில் இருக்கும். வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்!"

நாரை திரும்பிப் பார்த்தது. "பச்சையாகவா தின்பாய்? அந்தப் புழு உன் குடலில் வளர்ந்து, அதன் முட்டை உன் மலத்தில் வரும். அதைத் தின்ற ஆட்டுக்குள் இப்படிப் பையாகும். எங்கே மலம் கழிப்பாய்?"

கருவாயனின் வால் தாழ்ந்தது.

"அவள் புல்லில்."

கண் விழித்த சுருளி மெல்லச் சொன்னது: "எனக்காகத்தானே செய்தாய்."

"அதைத்தான் தாங்க முடியவில்லை."

பையை ஆழக் குழிதோண்டிப் புதைத்தன. மிச்சம் மீதி முளைக்காமலிருக்க, சுருளி பல நாள் கசப்பு மருந்து தின்றது. கருவாயனும் குடல்புழு மருந்து தின்றது. அதன்பிறகு பச்சை ஈரலைத் தொடவில்லை. மேய்ச்சல் நிலத்தில் மலம் கழிக்கவும் இல்லை.

ஓடை வற்றியது. மந்தை புறப்பட்டது. சுருளி நின்று நின்று ஏறியது. ஆனால் ஏறிவிட்டது. உச்சியிலிருந்து இரண்டும் கீழே பார்த்தன.

"நல்ல நாட்கள், இல்லையா?" என்றது சுருளி.

"நல்ல நாட்கள்தான். நான்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தேன்."

அன்பு வைத்தால் மட்டும் போதாது. நம் பழக்கம் அன்புக்குரியவரை என்ன செய்கிறது என்றும் அறிந்து நடக்க வேண்டும்.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். மனிதர் நுரையீரலிலும் இந்தப் பை வளருமாம். ஆனால் புழுவைச் சுமக்கும் நாய்க்குப் பெரும்பாலும் ஒரு நோயும் தெரியாதாம்.