நூற்றுப்பத்து வீட்டுச் சாவி

உலகம்மாளிடம் கண்மூடி உட்காரக் கற்றுக்கொள்ள ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தென்காசிக்கே அவரைத் தெரியும் என்று சொல்ல முடியாது. வாய்க்கால் தெருவுக்குத் தெரியும். வயது நாற்பத்தொன்பது. காவி கிடையாது, மாலை கிடையாது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அப்படி மூத்த சீடர்களில் ஒருவர் தளவாய். தாலுகா ஆபீசில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே மின்சாரக் கார் வாங்கிவிட்டார். அதன் பிறகு தியானத்தில் கண்ணை மூடினாலும் அவருக்குக் கார்தான் தெரிந்தது. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. தளவாய் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். உலகம்மாள் தூக்குச்சட்டியில் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"வண்டி வாங்கினதிலேருந்து பெட்ரோல் பங்க் பக்கம் நான் தலைவெச்சும் படுக்கல. இப்ப மொட்டை மாடியில சோலார் போட்டுட்டா வெயில்லயே கார் ஓடும். பகல்ல வீட்டுலதானே இருக்கேன். வண்டியும் வீட்டுல நிக்கும், வெயிலும் வீட்டுல அடிக்கும்."

"நல்லதுதானே."

"ஒரு இடைஞ்சல். தெருவுல கரண்ட் போச்சுன்னா மாடியில இருக்கிறதும் தன்னால நின்னுருமாம். உச்சி வெயில் அடிக்கும், பேனல் சும்மா கிடக்கும். விதி அப்படியாம்."

"சரி."

"என்ன சரி? என் கூரை, என் வெயில். முப்பத்தாறு வருஷம் எந்த ஆபீசர் நில்லுன்னாலும் நின்னேன். இனிமே எவனுக்காகவும் நிக்கிறதா இல்ல."

"நிக்காம இருக்க வழி இருக்கா?"

தளவாய் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மெக்கானிக் இருக்கார். அந்த நிறுத்துற ஏற்பாட்டை மட்டும் சத்தமில்லாம எடுத்துவிட்டிருதேன்னு சொல்லுதார். இன்னைக்கு அவருக்குப் பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்லுதீங்க?"

உலகம்மாள் தூக்குச்சட்டியை மூடினார்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சோறு கொண்டு போவணும். உங்க வண்டியில இடம் இருக்கா?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அந்தக் காரே வாங்கப்பட்டிருந்தது. தளவாய் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது.

"ஓடுதா, நிக்குதா அண்ணாச்சி? சத்தத்தையே காணோம்."

"ஓடுது அம்மா. அதான் இதுல விசேஷம்."

உலகம்மாளின் கணவர் பேச்சிமுத்து மின்வாரியத்தில் வயர்மேன். தெருக்கோடிக் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வெறும் கையால் கம்பியைப் பிடித்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். தளவாய் வேப்பமர நிழலில் காரை நிறுத்தினார்.

"கூப்பிடலையா?"

"கம்பியில கை இருக்கும்போது கூப்பிட மாட்டேன்."

இருவரும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. தளவாய்க்குக் கழுத்து வலித்தது. எத்தனையோ தடவை இந்த மனிதர் கம்பத்தில் இருக்கும்போது கீழே நடந்து போயிருக்கிறார். அப்போதெல்லாம் "கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறாரே தவிர, நிமிர்ந்து பார்த்ததில்லை.

பேச்சிமுத்து இறங்கி வந்தார். சோற்றைப் பார்ப்பதற்கு முன் காரைப் பார்த்தார். அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்ல வண்டி அண்ணாச்சி. நான் இழுத்த கம்பியில ஓடுற வண்டி."

அது உண்மைதான். தளவாய் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வெறுங்கையால தொடுதீங்களே, பயமா இருக்காதா?"

பேச்சிமுத்து தோள்பையைத் திறந்து மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகளைக் காட்டினார்.

"டிரான்ஸ்பார்மர்ல பிடுங்கினது. இது என் பையில இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்திலேருந்து ஒண்ணும் வராது. அதுக்கு இதுதான் சாவி."

"பெறகென்ன பயம்?"

"இந்தப் பக்கம் இருக்குல்லா? நூத்திப்பத்து வீடு. எந்த வீட்டுலேருந்தாவது கம்பிக்குக் கரண்டைத் தள்ளிவிட்டா முடிஞ்சுது. அந்தச் சாவி என் பையில இல்ல."

கை கழுவச் சட்டையை மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடந்தது. தளவாய் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு கல்யாண வீட்டுல ஜெனரேட்டரைத் தப்பா மாட்டியிருந்தாங்க. கம்பியில கரண்ட் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் ஏறினேன். ஏறினப்புறம் அவங்க போட்டாங்க. மாப்பிள்ளைக்கு வேர்த்துச்சாம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன்," என்றார் உலகம்மாள். "சும்மா உட்கார அங்கதான் அண்ணாச்சி படிச்சேன்."

தளவாய்க்கு அவமானமாக இருந்தது.

"அண்ணாச்சி மாடியில சோலார் போடப் போறாங்க," என்றார் உலகம்மாள் கணவரிடம்.

 மீதியையும் சொல்லிவிடுவாரோ என்று தளவாய் பயந்தார். உலகம்மாள் மோரை எடுத்து ஊற்றினார். வேறொன்றும் சொல்லவில்லை.

பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"போடுங்க அண்ணாச்சி. நம்ம தெருவுல முதல் கூரை உங்களதுதான். நீங்க செலவழிச்சது போக மிச்சம் என் கம்பியிலதானே வரும். பக்கத்து வீட்டு மிக்சியில உங்க வெயிலு சட்னி அரைக்கும். இருபத்தேழு வருஷமா ஊருக்குள்ள நான் கரண்ட் கொண்டு போறேன். ஒரு வீட்டுலேருந்து கரண்ட் வாங்கினதில்ல. அதையும் பார்த்துட்டு ரிட்டையர் ஆகுதேன்."

சாப்பிட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தார். நடையில் அவசரம் இல்லை. அந்தத் தெருவே தன்னுடையது என்பதுபோல நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாளின் முகத்தில் இருந்தது பெருமை. அதை மறைக்க அவர் முயலவில்லை.

திரும்பும் வழியில் தளவாய் காரை ஓரங்கட்டி, மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அந்த ஏற்பாட்டைத் தொட வேண்டாம். தெருவுல நின்னா என் வீட்டுலயும் நிக்கட்டும்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"வேர்க்கட்டும்," என்று தளவாய் போனை வைத்தார்.

 பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தனை வருஷமும் எவனோ சொல்லி நின்னேன். இது நானா நிக்கிறது. சொல்லக் கூடாது, ஆனா பெருமையாத்தான் இருக்கு அம்மா."

"பெருமைப்படுங்க. யாரு வேண்டாம்னா?"

வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. வாசல் வரும்வரை தளவாய் எதையோ மென்று விழுங்கிக்கொண்டே வந்தார். உலகம்மாள் இறங்கும்போது கேட்டேவிட்டார்.

"அம்மா, என் வீடு நின்னது கம்பத்து மேலே இருக்கிறவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு தடவைகூடவா?"

உலகம்மாள் காலித் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டார்.

"நின்ன வீடு ஒண்ணும் அவுகளுக்குத் தெரியாது அண்ணாச்சி. நிக்காத வீடு ஒண்ணுதான் தெரிஞ்சுது."