நடமாடும் அரண்மனையும் சோசியரின் ஆசனமும்

சர்ர்... சர்ர்... சர்ர்... என்று ரம்பத்தால் மரம் அறுப்பது போல ஒரு சத்தம். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நடுக்காட்டில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்த வண்டிக்குள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நம்முடைய காட்டில் இந்நேரத்தில் எவன் மரம் அறுக்கிறான்?" என்றார் நெல்லிக்கோட்டை ராஜா குஞ்சிதபூபதி. "பிடித்து அபராதம் போடுங்கள்."

வண்டிக்காரன் மொக்கையன் வெளியிலிருந்து தலையை நீட்டினான். "போடலாம் மகாராஜா. ஆனா அது சிறுத்தை. அது அப்படித்தான் கத்தும்."

ராஜா அபராதத்தை உடனே தள்ளுபடி செய்துவிட்டார்.

செங்கமலம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது போய் விழவில்லை. வண்டி சாய்ந்ததில் நிலை கோணிக்கொண்டு, தாழ்ப்பாள் ஒரு பக்கமும் துளை ஒரு பக்கமுமாக நின்றன. ஏழு மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். இந்தப் பயம்தான் அவளுக்குப் புறப்படும் முன்பே வந்திருந்தது.

அவள் அரண்மனைக் கதைக்காரி. கதை கேட்காமல் ராஜாவுக்குத் தூக்கம் வராது. அவர் போகும் இடமெல்லாம் அவளும் போக வேண்டும். அவள் போனால் பால்குடி மறக்காத பிள்ளையும் போக வேண்டும். ராஜா ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி இது. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, மீசை முறுக்கக் கண்ணாடியும் உண்டு. ராஜாவின் உடம்புக்கு உயரம் ஏறுவது கஷ்டம் என்பதால் நான்கும் குட்டைச் சக்கரம்.

"காட்டு வழி, மகாராஜா. மாற்றுச் சக்கரம் ஒன்று எடுத்துக்கொள்வோம்" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அரண்மனைச் சோசியர் வராகமூர்த்திக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவர் பலன் சொல்லும்போது கொட்டாவி விடும் ராஜா, அவள் கதைக்கு மட்டும் வாயைப் பிளந்து கேட்பார்.

"மாற்றுச் சக்கரம் எடுத்துப்போவது, 'சக்கரமே, உடைந்து போ' என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்" என்றார் சோசியர்.

ராஜா நடுங்கிப் போனார். "வண்டியில் மாற்றுச் சக்கரம் இருந்தால், கதைக்காரிக்கு அரண்மனையில் இடமில்லை" என்று கட்டளை போட்டுவிட்டார்.

ஜெயித்த தெம்பில் சோசியர், "நான் தரையில் உட்கார மாட்டேன். எனக்கு ஓர் ஆசனம் வேண்டும்" என்றார்.

"நானே செய்து தருகிறேன், சாமி" என்றாள் செங்கமலம்.

வட்டமான ஆசனம். வைக்கோல் பரப்பி, பாய் சுற்றி, மேலே பச்சைப் பட்டு. புறப்படும்போது ராஜா வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்து, "அது என்ன?" என்று கேட்டார்.

"என் ஆசனம், மகாராஜா. வேறு யாரும் தொடக் கூடாது" என்று சோசியர் ஏறி உட்கார்ந்தார்.

வழியெல்லாம் நெளிந்தார். "ஏனம்மா, நடுவில் ஏதோ உறுத்துகிறதே?"

"ஞானம் கீழிருந்து மேலே ஏற வேண்டாமா, சாமி? கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்."

அந்தி நேரத்தில், சத்திரத்தில் விருந்து தயாரா என்று பார்க்கக் காவலர்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டார் ராஜா. அவர்கள் தலை மறைந்ததும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. பின்சக்கரம் மடாரென்று பிளந்தது.

சர்ர்... சர்ர்... சத்தம் இப்போது இன்னும் கிட்டத்தில் கேட்டது. மாடுகள் மிரண்டன.

"சோசியரே, வழி சொல்லும்."

"குரு பெயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும், மகாராஜா."

"எப்போது பெயர்வார்?"

"ஐந்து மாதத்தில்."

"சிறுத்தை அதுவரை பட்டினி கிடக்குமா என்று கேட்டுச் சொல்லும்."

செங்கமலம் குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "சாமி, கொஞ்சம் எழுந்திருங்கள்."

"எதற்கு?"

"எழுந்தால் தெரியும்."

அவர் எழுந்ததும் பட்டுத் துணியை உருவினாள். பாய் விலகியது, வைக்கோல் சரிந்தது. ஆரக்கால்களோடும், இவ்வளவு நேரம் சோசியரை உறுத்திய, நடுவில் புடைத்த குடத்தோடும் புத்தம் புதுச் சக்கரம் ஒன்று கிடந்தது.

"மோசம் செய்துவிட்டாள், மகாராஜா. இவள் இதைக் கொண்டுவந்ததால்தான் அது உடைந்தது" என்றார் சோசியர்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என் கட்டளையை மீறினாயா?"

"மகாராஜா புறப்படும்போதே கேட்டீர்கள், இது என்ன என்று. சாமிதான் சொன்னார், ஆசனம் என்று. சாமி வாக்குப் பொய்க்குமா?"

ராஜா தாடையைத் தடவினார். மெல்லச் சோசியர் பக்கம் திரும்பினார். "இது ஆசனம் என்றால் அவள்மேல் குற்றமில்லை. சக்கரம் என்றால், இத்தனை நாழிகை உம் அடியில் இருந்ததே உமக்குத் தெரியவில்லை. வானத்தில் இருப்பது மட்டும் எப்படித் தெரிந்தது? எது என்று நீரே சொல்லும்."

வெளியே சர்ர் என்றது.

"ஆசனம்தான், மகாராஜா" என்றார் சோசியர்.

மொக்கையன் தீப்பந்தம் கொளுத்தி மாடுகளுக்குப் பக்கத்தில் நட்டான். ராஜா, பிறந்ததிலிருந்து சோற்றுக் கவளம் தவிர எதையும் தூக்காதவர், வண்டிக்கடியில் தோளைக் கொடுத்தார். சோசியர் மறுபக்கம் முனகிக்கொண்டே தூக்கினார். மொக்கையன் சக்கரத்தை அச்சில் மாட்டிக் கடையாணியை அடித்தான். வண்டி நிமிர்ந்தது.

ராஜா ஏறிக்கொண்டார். பின்னாலேயே ஏறப்போன சோசியர் ஆசனம் இருந்த இடத்தைப் பார்த்துத் தயங்கினார். "நான் எங்கே உட்காருவது? எனக்கு வேறு ஆசனம் இல்லையா?"

"மாற்று ஆசனமா?" என்றாள் செங்கமலம். "அதை எடுத்து வந்தால், 'ஆசனமே, தொலைந்து போ' என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமமாயிற்றே, சாமி."

ராஜா சிரித்த சிரிப்பில் மர அறுப்பே நின்றுபோனது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டார். அது உடனே மாலையை வாயில் வைத்துக்கொண்டது. சோசியர் முன்பலகையில் மொக்கையன் பக்கத்தில் ஒண்டி, பந்தத்தைத் தாமே பிடித்துக்கொண்டார்.

செங்கமலம் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய்த் துளையில் விழுந்தது.