உப்பளத்துக்கு வந்த மலை

வேதாரண்யத்தில் மேடு என்றால் அது உப்புக் குவியல்தான். உப்பளத்தில் வேலை பார்த்த வேதநாயகி, மலையைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். ஊர் சைக்கிள் மன்றம் போகவிருந்த கொல்லிமலைப் பயணத்துக்குத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

மன்றத் தலைவர் ஆதிமூலத்துக்குச் சூரியனே தனக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற நினைப்பு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "மலையேறிப் பழகாத ஆளைச் சேர்க்க மாட்டேன். வேணும்னா ஒரு மலையை இங்க கொண்டு வா, பார்க்கலாம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மன்றத்தார் கூடியிருந்தபோது, தன் பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கினாள். பின்னால் உப்பு மூட்டை. பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும்படி முறுக்கி வைத்திருந்தாள்.

"மலையைக் கொண்டாந்துட்டேங்கய்யா. மலையேறிப் பழகணும்னு தெனம் இப்படித்தான் வேலைக்குப் போய் வர்றேன். நீங்களும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

ஆதிமூலம் ஓட்டினார். தெருமுனை வருமுன்பே மூச்சு முட்டி, காலை ஊன்றிவிட்டார்.

"பிரேக்கைத் தளர்த்தும்மா!" என்று கத்தினார்.

வேதநாயகி அவர் பக்கத்தில் போய் அமைதியாகக் கேட்டாள்: "கொல்லிமலையில இதை யாருகிட்டய்யா சொல்லுவீங்க?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றினார். பயணப் பட்டியலில் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.