மூக்கில் சிக்கிய எழுத்து

மலைப்பனி இறங்கி வந்து வீட்டு வாசலில் உட்காருகிற ஒரு நாட்டை, ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெயிலுகந்த ராஜா என்று ஒருவர் ஆண்டுவந்தார். பேர்தான் அப்படி. மார்கழி பிறந்துவிட்டால் கம்பளிக்குள் புகுந்துகொண்டு கணப்புச் சட்டியை விட்டு நகரமாட்டார். கோபம் மட்டும் குளிருக்கு அடங்காது. 'ராஜா வார்த்தையைத் திருத்துகிறவன் நாக்கில் சூடு' என்று ஒரு சட்டம் போட்டு, அதைச் சபைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்.

அந்த வருஷம் ராஜாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. சாதாரண ஜலதோஷம் இல்லை, மூக்கில் களிமண்ணை வைத்து அடைத்த மாதிரி. காலையில் பூசைக்கு உட்கார்ந்தவர், "பாலை எடுத்து வா" என்றார். சேவகன் செம்பு நிறையப் பாலைக் கொண்டுவந்து நீட்டினான். ராஜா பாலையும் அவனையும் மாறி மாறி முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குடித்துவிட்டார். சாமி அன்றைக்கு மாலை இல்லாமலே நின்றது.

அதே கையோடு, அரண்மனை விறகுவெட்டிகளின் தலைவன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"விறகு இல்லை. காய்த்த பரத்தை வெட்டு."

பேச்சிமுத்து அப்படியே நின்றான். பரம் என்றது மரமாகத்தான் இருக்கும். ஆனால் காய்த்த மரமா? வருஷா வருஷம் பட்டுப்போனதையும் காற்றில் விழுந்ததையும்தானே வெட்டுவோம்? இப்போது புளியும் நெல்லியும் கிளை தாழக் காய்த்துத் தொங்குகிறதே. கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். எதிர்ச் சுவர் கண்ணில் பட்டது. மூடிக்கொண்டான்.

வெளியே வந்தவனை மாலையப்பர் பிடித்துக்கொண்டார். அரண்மனைச் சாமான் அறைக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. மந்திரி தெய்வச்சிலையார் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். விறகு விஷயமோ மந்திரியின் பொறுப்பு.

"என்னப்பா முழிக்கிறே? உத்தரவு காதில் விழலையா?"

"விழுந்துச்சு சாமி. அதனாலதான் முழிக்கேன்."

"காய் எதிலே தொங்குதோ அதிலே கோடாலியைப் போடு. ஊர் கேட்டால் மந்திரி செய்த ஏற்பாடுன்னு சொல்லு. இன்றைக்கு வெட்டலைன்னா உன் கை உன்னிடம் இருக்காது, பார்த்துக்கோ."

பேச்சிமுத்து கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் போனான். முதல் வீடு அவன் அண்ணன் வீடு. மதினி குருவம்மா நெல்லிமரத்தை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பட்ட பூவரசு ஒண்ணு மூலையில நிக்குது, வெட்டுங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்? அப்பல்லாம் வராம, காய்க்கிற மரத்துக்கு வந்திருக்கீகளோ கொழுந்தனாரே?"

"எனக்கே ஒண்ணும் புரியல மதினி."

"புரியாமத்தான் கோடாலியத் தூக்கிட்டு வந்தீகளா?"

பேச்சிமுத்து கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினான். வெட்டினால் ஊர் வயிறு எரியும். வெட்டாவிட்டால் கை போகும். நேராக மந்திரி வீட்டுக்கு நடந்தான்.

தெய்வச்சிலையார் எல்லாவற்றையும் கேட்டார். "ராஜா வாயில் வந்ததை அப்படியே சொல்லு" என்றார். சொன்னான். மந்திரி தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"என்னைக்கூடக் காலையில் 'பத்திரி' என்றார். சரி, உத்தரவு உத்தரவுதான். காய்த்த மரத்தையே வெட்டு. மாலையப்பர் தோட்டத்து நெல்லியில் ஒரே ஒரு கிளை. அதைக் கொண்டுபோய் ராஜாவின் கணப்பில் வை."

"பச்சைக் கிளை எரியாதே சாமி. புகையத்தானே செய்யும்?"

"புகையட்டும்."

பேச்சிமுத்துவுக்கு இருந்த குழப்பம் இரண்டாகியது. ஆனாலும் சொன்னபடி செய்தான். காயும் இலையுமாகக் கிளையைச் சபைக்குள் இழுத்துவந்து, ஒடித்துக் கணப்பில் வைத்தான்.

"எந்த மரமடா இது?" என்றார் மாலையப்பர்.

"உங்க தோட்டத்து நெல்லிதான் சாமி. காய் எதிலே தொங்குதோ அதிலே போடச் சொன்னீங்களே."

"அடப் பாவி, ராஜா சொன்னது காய்ந்த..." என்றவர் சட்டென்று நிறுத்தினார்.

"சொல்லி முடியுங்கள் மாலையப்பரே" என்றார் மந்திரி. "ராஜா வார்த்தையைத் திருத்தப் பார்த்தீர்களா?"

அதற்குள் புகை எழும்பிவிட்டது. ராஜாவின் கண்ணில் ஏறியது, தொண்டையில் இறங்கியது, மூக்கில் நுழைந்தது. ராஜா தும்மினார். மறுபடி தும்மினார். தும்மின தும்மலில் கிரீடம் மடியில் விழுந்தது. அடைப்பு திறந்துகொண்டது.

"யார் பச்சை விறகை வைத்தது? காய்ந்த மரத்தை வெட்டு என்றுதானே சொன்னேன்?"

அந்த 'ந்' சபை நடுவே மணி அடித்த மாதிரி விழுந்தது. காலையிலிருந்து ராஜா மூக்கில் சிக்கிக் கிடந்த எழுத்து அதுதான் என்று பேச்சிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

மந்திரி எழுந்து நடந்ததைச் சொன்னார். "தங்கள் வார்த்தையைத் திருத்த இங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை, மகாராஜா. தங்கள் மூக்கு அடைத்தது, மூக்கே திருத்திக்கொண்டது. சட்டப்படி சூடு போடுவதென்றால் அதற்குத்தான் போட வேண்டும்."

ராஜா மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"கரியை எடுத்து அந்தச் சட்டத்தை அழியுங்கள். மாலையப்பரே, காய்ந்தது என்று உமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் காய்த்த மரத்துக்குக் கோடாலியை அனுப்பினீர். தை பிறக்கும்வரை பேச்சிமுத்து பின்னால் போய்ச் சுள்ளி பொறுக்கும். கட்டையும் நீரே சுமக்க வேண்டும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பனிக்காற்று வீசியது. ராஜாவின் மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பி, பரிசு கொடுக்கிற முகத்தோடு, "பேச்சிபுத்து, பாடு" என்றார்.

பேச்சிமுத்து திருதிருவென்று விழித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விறகுவெட்டிப் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். ராஜா தலையில் கை வைத்தார். சபையே சுவரைப் பார்த்தது. சுவரில் கரிதான் இருந்தது.

"மாடுப்பா, மாடு" என்றார் மந்திரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பாட்டை நிறுத்திவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போ."

யார் நாக்கிலும் யாரும் சூடு போடவில்லை. மறுநாள் முதல் வேலையாகக் குருவம்மா வீட்டுப் பூவரசு சாய்ந்தது. பேச்சிமுத்து மாட்டோடு முன்னால் போக, மாலையப்பர் தலைச்சுமையோடு பின்னால் போனார். அவர்கள் கணப்பில் சூடு ஏறட்டும், நம்ம கதை இங்கே ஆறட்டும்.