எலியா தூங்கிப்போன பாடம்

"ரபி, என் நண்பர்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் எனக்கென்று ஒருவர்கூட மிச்சமில்லை," என்றான் நிஸிம்.

ரபி யோம்தோவ் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போனார்கள்?"

"எங்கேயும் போகவில்லை. எல்லோரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்."

ரபி ஒரு காயை ஒடித்துப் பாத்திரத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

கடலைப் பார்த்த மலைச்சரிவில் படிப்படியாக ஏறிப்போகும் துறைமுக ஊர் அது. மேல்பக்கத்தில் யூதர்களின் தெருக்கள். அங்கே உள்ளவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறவர் ரபி யோம்தோவ். அவர் இளைஞராக அந்த ஊருக்கு வந்த புதிதில் அவரிடம் முதன்முதலாகப் படித்தவர்களில் ஒருவன் நிஸிம். இப்போது அவனுக்கு நரை விழத் தொடங்கிவிட்டது. சந்தையில் பொத்தானும் நூலும் விற்கிறான். மூன்று பெண் குழந்தைகள்.

"அப்போது ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தோம்," என்றான் நிஸிம். "ஒரு வரிக்காகச் சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுவோம். எலியா கோபத்தில் என் தொப்பியைத் தூக்கிச் சன்னல் வழியாக எறிந்திருக்கிறான்."

"இப்போது?"

"இப்போது தெருவில் பார்த்தால், 'பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா, காய்ச்சல் விட்டதா' என்று கேட்கிறோம். பதிலைக் கேட்பதற்குள் இரண்டு பேரும் இரண்டு அடி தள்ளிப் போய்விடுகிறோம்."

"சரி."

"சரி என்றால்?"

"கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்."

நிஸிம் குரலைத் தாழ்த்தினான். "என் மைத்துனன் தலைநகருக்குக் கூப்பிடுகிறான். அங்கே யூதர்கள் அதிகம். கடையும் தயாராக இருக்கிறதாம். போய்விடலாம் என்று நினைக்கிறேன்."

ரபியின் கை நின்றது.

"போவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அந்த மேஜை நிறைந்து பார்க்க வேண்டும்," என்றான் நிஸிம். "இந்த ஓய்வுநாள் பிற்பகல், உங்கள் வீட்டில். எல்லோரையும் நான் கூப்பிடுகிறேன். நீங்கள் பழையபடி பாடம் சொல்ல வேண்டும்."

"கூப்பிடு."

"வருவார்களா?"

"எனக்கென்ன தெரியும்? கூப்பிடப்போவது நீ."

*

நிஸிம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீடு வீடாகப் போனான். வாசலில் நின்றபடியே எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான்.

"ஓய்வுநாள் பிற்பகல், ரபி வீட்டில் பாடம். பழைய ஆட்கள் மட்டும். பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம். நிம்மதியாகப் படிக்க வேண்டும்."

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் அவன் மனைவி விடா கேட்டாள், "யார் யார் வருகிறார்கள்?"

"எல்லோரும்."

"அப்படியா," என்றாள் விடா. மடியில் இருந்த சின்னவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

*

ஓய்வுநாளன்று ரபியின் மனைவி மேஜைக்கு வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார். வெங்காயத் தோலோடு இரவெல்லாம் கணப்பில் கிடந்து பழுப்பேறிய முட்டைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. நிஸிம் எல்லாப் பக்கமும் நாற்காலி போட்டான்.

காத்திருந்தார்கள்.

வெயில் விரிப்பின் ஒரு ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது.

கடைசியில் ஒருவன் வந்தான். எலியா. தாடி வாரியிருக்கவில்லை. சட்டையின் தோள்பட்டையில் பால் காய்ந்த கறை.

"நான்தான் கடைசியா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். ஒன்றை இழுத்து உட்கார்ந்தான்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் ரபி.

புத்தகத்தைத் திறந்து முதல் வரியை வாசித்தார். அந்த வரியில் ஒரு சொல் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை போதாதா, ஏன் இரண்டு முறை? இதே கேள்விக்குத்தான் முன்பு ஒருநாள் தொப்பி சன்னல் வழியாகப் பறந்தது.

நிஸிம் மேஜையில் கையூன்றி முன்னால் குனிந்தான். "அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி, எலியா. இன்றைக்கும் அதையே சொல்வேன்."

எலியாவின் கண்கள் செருகின.

அவன் தலை மெதுவாகச் சாய்ந்து மேஜைமேல் இறங்கியது. மூச்சு சீராக வந்தது. சற்று நேரத்தில் குறட்டையும் வந்தது.

"பாருங்கள் ரபி. வந்தவன் ஒருவன். அவனும் முதல் வரியிலேயே தூங்கிவிட்டான்."

ரபி எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தன் மேலங்கியை எடுத்து எலியாவின் முதுகில் போர்த்தினார். புத்தகத்தைச் சத்தம் வராமல் மூடினார்.

"பாடம் முடிந்துவிட்டதா?"

"இல்லை. எலியாவின் வீட்டுக்குப் போ."

"எலியா இங்கே இருக்கிறான்."

"அதனால்தான் சொல்கிறேன்."

"எனக்குப் புரியவில்லை."

"மெதுவாகப் பேசு," என்றார் ரபி. "தூங்குகிறான்."

*

நிஸிம் படியேறிப் போனான். போகும் வழியெல்லாம் மனம் கசந்தது. மேஜையை நிரப்பச் சொன்னால் இருக்கிற இரண்டாவது ஆளையும் வெளியே அனுப்புகிறார். எலியா வீட்டில் போய் என்ன சொல்வது? உங்கள் புருஷன் தூங்குகிறான் என்றா?

தெருமுனையிலேயே அழுகை கேட்டது. கைக்குழந்தையின் அழுகை. பசி அழுகை இல்லை என்பது மூன்று பெண்களைப் பெற்றவனுக்குத் தெரிந்தது.

கதவு திறந்தே கிடந்தது. எலியாவின் மனைவி ரெய்னா தொட்டிலுக்கு எட்டத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். நிஸிமைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அவருக்கு என்ன ஆயிற்று?"

"ஒன்றுமில்லை. தூங்குகிறான். ரபி வீட்டில்."

"தூங்குகிறாரா?"

"மேஜைமேல்."

ரெய்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது. தலைத்துணியின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசல் முற்றத்தில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறிக் குழந்தை அழுதது.

"பிறந்ததிலிருந்து இப்படித்தான்," என்றாள் ரெய்னா. "பகலும் இல்லை, இரவும் இல்லை. அவரும் நானும் மாற்றி மாற்றித் தூக்குகிறோம். இன்றைக்கு நான்தான் போகச் சொன்னேன். உங்கள் பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், முகத்தில் கொஞ்சம் களை வரட்டும் என்று."

அவள் தொட்டிலைப் பார்க்காமல் பேசினாள்.

"நேற்று இவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். தெருமுனை வரைக்கும் போனேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. காலில் செருப்பில்லை என்று பார்த்த பிறகுதான் திரும்பினேன். இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை."

நிஸிம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

தொட்டிலுக்குப் போனான். குழந்தையைத் தூக்கினான். தன் நடுமகளுக்குச் செய்ததுபோல, முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, வயிறு அழுந்தும்படி பிடித்துக்கொண்டான். மறுகையால் முதுகைத் தேய்த்தான்.

"போய்ப் படுங்கள்," என்றான். "நான் வாசற்படியில் உட்காருகிறேன். எல்லோரும் பார்க்கிற இடம்தான்."

"நீங்கள் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாமா?"

"அங்கே யாருமில்லை."

ரெய்னா உள்ளறைக்குப் போனாள். கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

*

குழந்தை நெடுநேரம் அழுதது. அப்புறம் விம்மியது. அப்புறம் அவன் கையை எச்சிலாக்கியபடி தூங்கிப்போனது.

நிஸிம் அசையாமல் இருந்தான். கை மரத்துவிட்டது. கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதில் ஏறித் தலைநகருக்குப் போவதைப் பற்றி யோசிக்கப் பார்த்தான். யோசனை ஓடவில்லை.

படியில் ஓடிவரும் காலடி கேட்டது. எலியா. தோளில் இன்னும் ரபியின் மேலங்கி.

வாசற்படியில் நிஸிமையும் அவன் கையில் குழந்தையையும் பார்த்து அப்படியே நின்றான்.

"ரெய்னா எங்கே?"

"தூங்குகிறாள்."

"தூங்குகிறாளா?"

"உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குகிறீர்கள்," என்றான் நிஸிம்.

எலியா பக்கத்தில் உட்கார்ந்தான். மேலங்கியைக் கழற்றி மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"மன்னித்துக்கொள், நிஸிம். எந்த வரியில் தூங்கினேன்?"

"முதல் வரியில்."

"மற்றவர்கள் அப்புறம் வந்தார்களா?"

"இல்லை."

"ஷெமுவேலுக்கு வர ஆசைதான். காலையில் ஜெபக்கூடத்தில் பார்த்தேன். அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லை. பையன்களை எங்கே விடுவது? நீ அழைத்துவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்."

நிஸிம் கையில் தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்த்தான்.

"நீ சொன்னதில் தப்பில்லை," என்றான் எலியா. "அவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது?"

"தெரியவில்லை."

"எனக்கும் தெரியவில்லை."



"ரெய்னாவைத் தனியாக விடாதே," என்றான் நிஸிம். "நாளைக்கு விடா வருவாள். அவள் வராத நாளில் நான் வருகிறேன். என்னிடம் எதுவும் கேட்காதே. அவளிடமும் இன்றைக்குக் கேட்காதே. எழுந்ததும் சாப்பிடக் கொடு."

எலியா அவனை உற்றுப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது. கைகளை நீட்டினான். நிஸிம் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

*

ரபி வீட்டு மேஜையில் இன்னும் வெள்ளை விரிப்பு இருந்தது. காலி நாற்காலிகளும் இருந்தன. ரபி ஒரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரம் இன்னும் வரவில்லை. அறை மங்கத் தொடங்கியிருந்தது.

"உங்கள் மேலங்கி எலியா வீட்டில் இருக்கிறது," என்றான் நிஸிம்.

"இருக்கட்டும்."

"நான் ஒன்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை."

"என்ன கேட்டாய்?"

நிஸிம் யோசித்தான். சில நாட்களுக்கு முன் அவ்வளவு தெளிவாக இருந்த கேள்வி, இப்போது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"என் நண்பர்களைப் பற்றி ஏதோ கேட்டேன்," என்றான்.

ரபி முட்டையில் பாதியை அவனிடம் நீட்டினார். "குழந்தை அழுகையை நிறுத்தியதா?"

"நிறுத்தியது. என் கையிலேயே தூங்கியது."

"ஆணா, பெண்ணா?"

"பெண்."

"பெயர் என்ன?"

முட்டையை வாய்க்குக் கொண்டுபோன நிஸிம் அப்படியே நிறுத்தினான்.

"பெயர் சூட்டிய அன்றைக்கு நான் போகவில்லை," என்றான். "கடையில் சரக்கு வந்திறங்கிய நாள்."

"நான் அதைக் கேட்கவில்லை."

"அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன், ரபி."

"அதையும் நான் கேட்கவில்லை."

நிஸிம் முட்டையைத் தட்டில் வைத்தான். எழுந்தான். போய் வருகிறேன் என்று சொன்னானா என்பது அவனுக்கே நினைவில்லை.

மறுபடி படியேறினான். வானத்தில் முதல் நட்சத்திரங்கள் வந்திருந்தன. ஓய்வுநாள் முடிந்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது.

கதவைத் திறந்தது ரெய்னா. கன்னத்தில் தலையணையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. இடுப்பில் குழந்தை, விழித்துக்கொண்டு, அழாமல் இருந்தது.

"ஏதாவது விட்டுவிட்டுப் போனீர்களா?" என்று கேட்டாள்.

"இவள் பெயர் என்ன?"

ரெய்னா அவனைப் புரியாமல் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"லூனா," என்றாள்.

"லூனா," என்றான் நிஸிம்.

அவன் திரும்பிப் போக அடியெடுத்து வைத்தான். ரெய்னா கதவைச் சாத்தவில்லை.

"உங்கள் கடைசிப் பெண்ணுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள்.