குளிர்மேட்டின் மூன்று பூட்டுகள்

மலைப்பாதை முடிகிற இடத்தில் குளிர்மேடு என்றொரு ஊர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஏரியையும் மூடுபனியையும் தவிர அங்கே விற்பதற்கு ஒன்றுமில்லை. அவற்றைப் பார்க்க வருகிறவர்களால்தான் ஊருக்குச் சோறு. கொரோனா வந்து பாதை அடைபட்டது. ஒரு சீசன் போய், அடுத்ததும் நெருங்கியது. திறப்பதும் திறக்காததும் உங்கள் பாடு என்று மேலிடத்தில் கைகழுவிவிட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. ஆளுக்கொரு முகக்கவசம், அதற்குள்ளிருந்தே கத்தினார்கள்.

"குதிரைக்குக் கொரோனா தெரியுமா? அது கொள்ளுதான் கேக்குது," என்றார் சவாரிக் குதிரைகள் வைத்திருந்த உதுமான் பாய்.

"போன வாரத்தைவிட இந்த வாரம் காய்ச்சல் கூடியிருக்கு பாய். ஆஸ்பத்திரியில இருக்கிறது ஒரே ஆக்சிஜன் சிலிண்டர். டூரிஸ்டுக்கு மாட்டவா, உங்களுக்கு மாட்டவா?" என்றாள் நர்ஸ் வளர்மதி.

"முதல்ல என் குதிரைக்கு மாட்டுங்க சிஸ்டர். மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது."

மண்டபம் சிரித்தது. வளர்மதி சிரிக்கவில்லை.

தனியாளாக லாட்ஜ் நடத்திய பிலோமினா, திறக்க வேண்டும் என்று கையைத் தூக்கினாள். மெத்தையெல்லாம் பூசணம் பிடிக்கிறது என்று காரணம் சொன்னாள். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பட்டணத்திலிருந்த ஒரே மகன் செல்வினைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சாயங்காலமானால் ஆளில்லாத அறைகளில் ஒன்றில் விளக்கைப் போட்டு வைப்பாள். வாசலிலிருந்து பார்த்தால் யாரோ தங்கியிருப்பது போலிருக்கும்.

அந்த ஊர்க் கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டுப் போட்டு, சாவிகளை மூன்று பேரிடம் கொடுத்து வைப்பது வழக்கம். ஒருவரை ஒருவர் நம்பாதபோது அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். மலைப்பாதையை மறித்த செக்போஸ்ட்டின் தடுப்புக் கம்பத்துக்கும் அப்படியே செய்தார்கள். லாட்ஜ்காரர்கள் சார்பில் பிலோமினாவிடம் ஒரு சாவி, குதிரைக்காரர்கள் சார்பில் உதுமான் பாயிடம் ஒன்று, ஆஸ்பத்திரி சார்பில் வளர்மதியிடம் ஒன்று. ஒரு பூட்டு பூட்டியிருந்தாலும் கம்பம் எழாது. அரிசி லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் மூவரும் வந்து திறந்து, மறுபடி பூட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, மூவரும் ஒப்பினால்தான் வழி. சொந்தக்காரர்களும் வெளியாட்களே. இறங்கிப் போனவர் திரும்பி ஏற முடியாது.

மறுவாரமே வளர்மதிக்குக் காய்ச்சல் கண்டது. திறக்கவே கூடாது என்று அவளோடு சேர்ந்து வாதாடிய தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீடு. வளர்மதி அவரிடம் கொடுக்காமல் அந்த வாசலைத் தாண்டி நடந்து வந்து, பிலோமினாவின் மதில்மேல் சாவியை வைத்துவிட்டு எட்டி நின்றாள்.

"இதை நீங்க வச்சுக்கங்கக்கா."

"என்கிட்டயா? நான் திறக்கணும்னு கை தூக்கினவளாச்சே."

"பார்த்தேன்க்கா," என்றாள் வளர்மதி. மேலே பேச இருமல் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் ஏற்பாடானது. அதே நாளில் பாதை திறக்கப்போகிறது என்று யாரோ வாட்ஸாப்பில் கிளப்பிவிட, தடுப்புக்குக் கீழே கார்கள் வரிசைகட்டி நின்றன. முதல் கார் செல்வினுடையது; வருவதாக அம்மாவுக்குக் காலையிலேயே போன் செய்திருந்தான்.

பூட்டுகள் திறந்தன. கம்பம் எழுந்தது. கண்ணாடிக்குள் கண்மூடிக் கிடந்த வளர்மதியோடு ஆம்புலன்ஸ் இறங்கிப் போனது. சைரன் சத்தம் வளைவு வளைவாகத் தேய்ந்தது.

உதுமான் பாய் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, கம்பம் மேலதான் நிக்குது. நான் என் பூட்டைப் போடப்போறதில்ல. ரெண்டு சாவி உங்க கையில. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நின்னாலே போதும்."

செல்வின் காரைவிட்டு இறங்கினான். "அம்மா, என்னம்மா இப்படி இளைச்சுட்டீங்க?"

பிலோமினா நின்றாள். பிறகு கம்பத்தை இழுத்து இறக்கினாள். வளர்மதியின் பூட்டைப் பூட்டினாள். தன்னுடையதை வாய் திறந்தபடியே வளையத்தில் தொங்கவிட்டாள்.

"அந்தப் பூட்டு எதுக்கு? அழகுக்கா?" என்றார் உதுமான் பாய், ஆத்திரத்தோடு.

"அது நான் சொல்றது பாய். பூட்டினது சிஸ்டர் சொல்றது."

செல்வின் கம்பத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்தான். "அப்ப நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா. குனிஞ்சா வந்துடலாம்."

"வந்துடலாம்டா. சாவியை யார்கிட்டக் குடுத்துட்டு வர?"

அவன் கம்பத்திலிருந்து கைகளை எடுத்தான். பிறகு காரைத் திருப்பினான். பின்னாலிருந்த கார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. உதுமான் பாய் லாயத்தைப் பார்க்க நடந்தார். நடந்துகொண்டே கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்தும் பாராதவள் போல நின்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்காரியிடம் சாவியை ஒப்படைத்த வளர்மதி, பூட்ட மறுத்த உதுமான் பாய், ஒன்றைப் பூட்டி ஒன்றைத் திறந்தே விட்ட பிலோமினா: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பசித்திருக்கும் வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசத்தான் உதுமான் பாயிடம் ஊர் சாவி தந்தது, அவர் பேசியதில் குற்றமில்லை. ஆனால் நோயாளிக்குத் திறந்த வழியில் வியாபாரத்தை நுழைக்கப் பார்த்தார். வளர்மதி ஆளைச் சரியாகவே எடைபோட்டாள்; என்றாலும் ஊர் தந்த சாவியை ஊரைக் கேட்காமல் ஒருத்தியின் தலையில் இறக்கிவிட்டாள். சரியாகச் செய்தவள் பிலோமினாதான். பூட்டியதற்காக மட்டும் அல்ல, தன் பூட்டைத் திறந்தே விட்டதற்காகவும். இரண்டையும் பூட்டியிருந்தால், மகன் வர வேண்டாம் என்று தானே நினைத்ததாக ஒரு பொய் அங்கே தொங்கியிருக்கும். அன்று மகனுக்கென்று ஆக்கிவைத்த கோழிக் குழம்பை அவள் ஒருத்தியாகத்தான் சாப்பிட்டாள். சரியாக நடந்துகொண்டாள் என்பதற்காக அது தொண்டையில் எளிதாக இறங்கிவிடவில்லை.