நாவற்பழக் கலர் தலை

"அம்மா, இந்தத் தலையோட நான் என் பையன் கல்யாணத்துல நிக்கலாமா, கூடாதா?"

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாவாயி கேட்டுவிட்டாள். கும்பிடக்கூட மறந்துபோச்சு. அவ்வளவு ஆற்றாமை.

தலை நாவற்பழக் கலரில் இருந்தது. போன மாதம் தாராபுரத்தில் ஒரு பார்லரில் போய் அடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக ஊராருக்கு ரவிக்கை தைத்தவள் அவள். கலர் என்றால் உயிர்.

நஞ்சம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். அதனாலென்ன, குரு குருதான். அவளை உள்ளே உட்காரவைத்து, மழித்த தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கூடாதுன்னு யாரு சொல்றது அக்கா?"

"யாரு சொல்லலைன்னு கேளுங்க. வெள்ளையா விட்டிருந்தேன். 'தாலியறுத்தவ மணமேடைப் பக்கம் வரலாமா'ன்னு கொழுந்தனார் ஜாடை பேசினார். கறுப்படிச்சேன். 'வயசை மறைக்கறா'ன்னு சம்பந்தியம்மா சிரிச்சாங்க. சரி, போங்க எல்லாரும்னு எனக்குப் பிடிச்ச கலரை அடிச்சேன். 'புருசன் போனப்புறம் யாருக்காக இந்தச் சிங்காரம்'ங்கறாங்க."

"பையன் என்ன சொல்றான்?"

"அவன் வாயே திறக்கலை. அதுதான் தாங்கலை."

பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பேசாம ஏதாவது மூலையில உக்காந்துடலாம்னு இருக்கேன். இல்லேன்னா எந்தக் கலர்ல போகணும்னு நீங்களே சொல்லிடுங்க."

"கொஞ்சம் வெளியே போங்கக்கா."

போனாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

பாவாயிக்குப் பகீரென்றது. இங்கேயுமா? நின்று நின்று பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"அட, நான்தாம்மா."

"வெள்ளைத் தலையா, கறுப்புத் தலையா, நாவற்பழமா?"

பாவாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குருவாவது ஒண்ணாவது.

"கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறவ தலை உங்களுக்கு எதுக்கு? குரல் தெரியலையா? நான்தான்னா நான்தான். அது போதாதா?"

தாழ்ப்பாள் விலகியது. நஞ்சம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எனக்குப் போதும்க்கா. உங்களுக்கு?"

பாவாயி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

உள்ளே வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். வகிட்டில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பார்லரில் இன்னொரு தரம் நாவற்பழம் அடித்தாக வேண்டும். மணமேடையில் நடுவாக நிற்கப்போகிறவள் அரைகுறைத் தலையோடா போவாள்?